"ஆள் கிடைக்கவில்லை" என்னும் கோளாறு: கோவைச் சிறு பொறியியல் பட்டறைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கோவையில் குறிச்சி சிட்கோ, கணபதி, பீளமேடு, அரசூர் என எந்தப் பக்கம் போனாலும், எட்டுப் பேர் முதல் நாற்பது பேர் வரை வைத்து ஜாப் ஆர்டர் செய்யும் பட்டறைக்காரர்களின் பேச்சு பத்து நிமிடத்துக்குள் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது: மெஷின் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது, ஓட்டுவதற்கு நல்ல ஆள் கிடைக்கவில்லை. இந்தக் குறையை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. கடனில் வாங்கிய சி.என்.சி. லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) ஆளில்லாமல் ஒரு ஷிப்ட் நின்றாலும் வங்கித் தவணை நிற்பதில்லை. அந்த வலியை நானும் அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்வது "மெஷின் சரியில்லை" என்று சொல்வதைப் போன்றது. ரிஜெக்‌ஷன் கூடினால் நாம் அப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதில்லை; இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்திருக்கிறதா, பீஸைப் பிடிக்கும் சக்கின் பிரஷர் குறைந்திருக்கிறதா, ஆஃப்செட்டில் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண்ணில்) யாராவது கை வைத்தார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். ஆள் எடுப்பதிலும் கோளாறு ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கிறது; அந்த இடம் பட்டறைக்குப் பட்டறை மாறுகிறது. பக்கத்துப் பட்டறைக்குப் பலித்த மருந்து உங்களுக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, கடந்த 12 மாதங்களில் உங்களிடம் காலியான ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து எண்களை எழுதுங்கள்: எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் 90 நாள் தாண்டினார்கள். நினைவிலிருந்து எழுதினாலும் போதும். அடுத்த முறை முதல் அன்றன்றைக்கே எழுதுங்கள். எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில் பெரிய சரிவு இருக்கிறதோ அங்கேதான் உங்கள் கோளாறு இருக்கிறது. கீழே உள்ள அறிகுறிகளில் அதற்குரியதை மட்டும் முதலில் படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்பது தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: அறிவிப்புக் கொடுத்தும் யாரும் விசாரிக்கவில்லை

கேட்டில் "சி.என்.சி. ஆபரேட்டர் தேவை, அனுபவம் உள்ளவர் அணுகவும்" என்று ஒரு போர்டு, அதையே படமெடுத்து நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு. பெரும்பாலான பட்டறைகளின் அறிவிப்பு இவ்வளவுதான். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உங்கள் பட்டறையை அறியாத ஐ.டி.ஐ. மாணவர் ஒருவரிடம் அந்த அறிவிப்பைக் காட்டி, கைக்கு எவ்வளவு சம்பளம் வரும், எந்த மெஷின், எத்தனை மணிக்கு வேலை முடியும், எந்த பஸ்ஸில் வரலாம் என்று கேளுங்கள். நான்கில் ஒன்றுக்கும் அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால், உங்கள் அறிவிப்பு வேலை தேடுபவருக்கு எதையும் அறிவிக்கவில்லை. இப்போது வேறோர் இடத்தில் வேலையில் இருக்கும் திறமையான ஆபரேட்டர், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க வரவேண்டுமானால், வருவதற்கு முன்பே அவருக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "ஃபேனக் கன்ட்ரோல் உள்ள சி.என்.சி. லேத்துக்கு ஆபரேட்டர் ஒருவர் தேவை. பம்ப் ஷாஃப்ட், புஷ் வேலை. காலை 8 முதல் மாலை 4.30 வரை, வாரம் விட்டு வாரம் இரண்டாம் ஷிப்ட். பிடித்தம் போகக் கைக்கு மாதம் இவ்வளவு. ஓவர்டைம் இரட்டிப்புக் கணக்கில். இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. சம்பளம் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வங்கிக் கணக்கில். ஆஃப்செட் போடத் தெரிந்தால் போதும். புரோகிராம் இங்கே கற்றுத்தரப்படும்." சம்பளத்தை வெளிப்படையாகப் போட்டால் பழைய ஆட்கள் கூடுதல் கேட்பார்களே என்று பலர் தயங்குகிறார்கள். புதியவருக்குத் தருவதைப் பழையவரிடம் மறைக்க வேண்டிய நிலை வந்துவிட்டதென்றால், பழையவருடைய சம்பளத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும். அந்த எண் எப்படியும் ஒரு வாரத்துக்குள் டீக்கடை வழியாகத் தெரிந்துவிடும்.

அறிவிப்பைக் கொண்டு சேர்க்கும் இடங்களும் முக்கியம். தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் சிறிய முகாம்களில், பெரிய முகாம்களைப் போலப் பெரிய நிறுவனங்களின் நிழலில் நீங்கள் மறைந்துபோக மாட்டீர்கள். இவற்றைவிடவும் அதிகப் பலன் தருவது, அரசு ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் டர்னர், மெஷினிஸ்ட், இயந்திரவியல் பிரிவுகளின் ஆசிரியர்களோடு ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் பழக்கம் என்பது என் அனுபவம். காலியிடம் வந்த பிறகு போய் நிற்பவருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஆண்டுக்கு இருமுறை மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்துக் காட்டுபவரை ஆசிரியரும் மாணவரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

அறிகுறி: பலர் வருகிறார்கள், ஆனால் "வேலை தெரிந்தவர்" யாரும் இல்லை

இங்கே இரண்டு வேறு கோளாறுகள் ஒரே முகத்தோடு வருகின்றன. ஒன்று, நீங்கள் கேட்கும் ஆள் உலகத்தில் இல்லாமல் இருப்பது. இன்னொன்று, வந்தவரின் திறமையைக் கண்டுகொள்ளும் அளவுகோல் உங்களிடம் இல்லாமல் இருப்பது.

முதலாவதைப் பார்க்க, நீங்கள் எதிர்பார்க்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். புரோகிராம் எழுத வேண்டும், செட்டிங் போட வேண்டும் (டூலையும் பீஸையும் மெஷினில் பொருத்தி அளவு சரிசெய்வது), மெஷின் ஓட்ட வேண்டும், முதல் பீஸை அளந்து ரிப்போர்ட் எழுத வேண்டும், வாடிக்கையாளர் இன்ஸ்பெக்டர் வந்தால் பேச வேண்டும் என்று ஐந்தும் அந்தத் தாளில் இருந்தால், நீங்கள் மூன்று ஆட்களின் வேலையை ஓர் ஆபரேட்டர் சம்பளத்துக்குக் கேட்கிறீர்கள். இவை ஐந்தும் தெரிந்தவர் சொந்தமாக மெஷின் போட்டுவிடுவார். புரோகிராமையும் செட்டிங்கையும் ஒருவரிடம் குவித்து அவருக்கு நல்ல சம்பளம் கொடுத்து, மீதி இடங்களுக்கு அளக்கத் தெரிந்த, கற்றுக்கொள்ளும் மனமுள்ள இளைஞர்களை எடுப்பதே சிறு பட்டறைக்குத் தாங்கும்.

இரண்டாவது கோளாறு இன்னும் பரவலானது. எத்தனை வருட அனுபவம், முன்பு எங்கே, ஏன் விட்டீர்கள் என்ற மூன்று கேள்விகளோடு நேர்காணல் முடிந்துவிடுகிறது. ஐந்து வருட அனுபவம் என்பது ஒரே பீஸை ஐந்து வருடம் மாட்டிக் கழற்றியதாகவும் இருக்கலாம். வந்தவரை மெஷின் பக்கத்துக்கு அழைத்துப்போய், ஒரு டிராயிங்கையும் அந்த டிராயிங்கின்படி செய்த நான்கு பீஸ்களையும் கொடுங்கள். நான்கில் ஒன்று அளவு தப்பியதாக இருக்கட்டும். நான் வைத்திருக்கும் சோதனை இது: 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட், டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு) h7, அதாவது அளவு 25.000-க்கும் 24.979-க்கும் இடையில் இருக்க வேண்டும். மேசையில் 0.02 மி.மீ. வரை மட்டுமே காட்டும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இருக்கும். மொத்த இடைவெளியே 21 மைக்ரான்தான் (0.021 மி.மீ.) என்பதைப் புரிந்தவர் வெர்னியரை ஒதுக்கிவிட்டு மைக்ரோமீட்டரை எடுப்பார். எடுத்ததும் அதன் பூஜ்யத்தைச் சரிபார்ப்பார். அந்த இரண்டு அசைவுகள் சொல்வதை எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை.

அதன் பிறகு ஒரு கேள்வி: "பீஸ் 25.03 வருகிறது, என்ன செய்வீர்கள்?" அளவை 24.99-க்குக் கொண்டுவர எக்ஸ் ஆஃப்செட்டில் 0.04 குறைக்க வேண்டும் என்பது சரியான விடை. விட்டக் கணக்கா ஆரக் கணக்கா என்று குழம்பி 0.02 என்பவருக்கு அடிப்படை இன்னும் பதியவில்லை. சரியாகச் சொல்பவரைக் காட்டிலும் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது, விடை சொல்லும் முன் என்னிடம் திருப்பிக் கேட்பவரை: "எத்தனை பீஸாக இப்படி வருகிறது? இன்சர்ட் எப்போது மாற்றினீர்கள்? பீஸ் சூடாக இருக்கும்போதே அளந்தீர்களா?" அறை வெப்பத்தைவிட 20 டிகிரி சூடாக இருக்கும் 25 மி.மீ. எஃகு ஷாஃப்ட் ஏறத்தாழ 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 21 மைக்ரான் டாலரன்ஸில் அது கால் பங்குக்கு மேல். இப்படிக் கேட்கும் ஒருவர் ஐ.டி.ஐ. முடித்து ஆறு மாதமே ஆனவராக இருந்தாலும், பத்து வருட அனுபவம் சொல்லிக்கொண்டு ஆஃப்செட்டில் உடனே கை வைப்பவரைவிட அவரையே எடுப்பேன்.

சோதனை அரை நாளுக்கு நீண்டால் அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். தேர்வாகாதவரும் உங்களைப் பற்றி நல்லதாக நான்கு பேரிடம் சொல்வார். அதற்காக இல்லாவிட்டாலும், அவருடைய நேரத்துக்கு மதிப்பு உண்டு.

வேலை தெரிந்தவரே வராத இடங்களில், வேலை கற்றுக்கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தொழிற்பழகுநர் சட்டத்தின்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும்; 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் எடுக்கலாம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. சிறு பட்டறைகள் இதைப் பயன்படுத்தாமல் விடுவதற்குப் பெரும்பாலும் படிவப் பயம்தான் காரணம். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழகுநரைக் குறைந்த கூலிக்கு லோடிங் (பீஸை மாட்டிக் கழற்றுவது) பார்க்கும் ஆளாக வைத்துக்கொண்டால், ஒரு வருடம் முடிந்த அன்று அவர் போய்விடுவார். போவது நியாயமும் ஆகும்.

தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் 4.0 (கணினிவழித் தானியங்கி உற்பத்தி) மையங்களாக மாற்றப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து வரும் மாணவர்கள் நம் பட்டறையில் இல்லாத கருவிகளைக்கூடப் பார்த்துவிட்டு வருகிறார்கள். "இவனுக்கு என்ன தெரியும்" என்று தொடங்காமல் "நீ என்னென்ன பார்த்திருக்கிறாய்" என்று பேச்சைத் தொடங்கலாம்.

அறிகுறி: தேர்வானவர் "திங்கட்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வரவில்லை

நாட்களை எண்ணுங்கள். அவர் முதலில் விசாரித்த நாளுக்கும் நீங்கள் முடிவு சொன்ன நாளுக்கும் இடையில் ஒரு வாரத்துக்கு மேல் போயிருந்தால், அந்த இடைவெளியில் வேறு யாரோ முடிவு சொல்லிவிட்டார்கள். சோதனை நடந்த அன்றே அல்லது மறுநாளே முடிவைச் சொல்ல முடிவது சிறு பட்டறைக்கு உள்ள பெரிய பலம். பெரிய நிறுவனத்தில் நான்கு கையெழுத்து வேண்டும், இங்கே உங்கள் ஒரு கையெழுத்துப் போதும்.

அடுத்து, கையில் என்ன கொடுத்து அனுப்பினீர்கள் என்று பாருங்கள். வேலையில் சேர்வதை அந்த இளைஞர் தனியாக முடிவு செய்வதில்லை. வீட்டில் அப்பாவும் அக்காவும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். வாய்ச்சொல்லாகப் போகும் "பதினெட்டாயிரம் தருகிறேன் என்றார்கள்" என்பதற்கும், லெட்டர்ஹெட்டில் சம்பளம், பிடித்தம், விடுமுறை, சேரும் தேதி எல்லாம் எழுதி முத்திரையிட்ட ஒரு பக்கத்துக்கும், அந்த வீட்டில் கிடைக்கும் மதிப்பே வேறு.

அந்தக் கடிதத்தில் வீட்டார் முதலில் தேடுவது பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம் என்பதால், 9 பேரிலும் 19 பேரிலும் கணக்கை நிறுத்தி வைத்திருக்கும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. சேமிப்பதாக நினைக்கும் தொகையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் ஊதியம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 585 ரூபாய்; அவர் பங்கு 0.75 விழுக்காடு, 135 ரூபாய். இதற்கு அவர் குடும்பம் முழுவதும் சிங்காநல்லூர் பக்கத்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். அதே 585 ரூபாயைச் சம்பளத்தில் கூட்டிக் கொடுத்தால் அவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேல் போகும் செட்டருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தாது என்பதால், அவருக்கு ஒரு குழு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுப்பதையும் யோசியுங்கள். திறமையான மூத்தவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

20 பேர் இல்லாத பட்டறையும் விருப்பத்தின்பேரில் பி.எஃப்.பில் சேரலாம். பி.எஃப். பதிவு உள்ளவர்களுக்கு இப்போது ஒரு சலுகையும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கான பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்தில், 50 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் கூடுதலாகக் குறைந்தது இரண்டு பேரை எடுத்து ஆறு மாதம் நிலைநிறுத்தினால், ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. உற்பத்தித் துறைக்கு இது நான்கு வருடம் வரை நீள்கிறது. முதன்முறை வேலைக்குச் சேர்பவருக்குத் தனியாக 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையில் கிடைக்கிறது. வேலைக் கடிதம் கொடுக்கும்போதே இதை அவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிடுகிறார்

போனவர்களில் மூன்று பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். நீங்கள் அழைப்பதைவிட, அவர்களோடு நன்றாகப் பழகிய ஒருவர் அழைப்பது நல்லது. "ஏன் நின்றாய்" என்று கேட்டால் "வீட்டில் பிரச்சினை" என்ற பதில்தான் வரும். "எந்த நாளில் முதன்முதலாக நின்றுவிடலாம் என்று தோன்றியது" என்று கேட்டால் உண்மை வரும். எனக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை முதல் வாரத்தைச் சேர்ந்தவை: லேத்துக்கு என்று எடுத்துவிட்டு பர் (விளிம்புப் பிசிறு) எடுக்க உட்கார வைத்தார்கள்; சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டினார்; சந்தேகம் கேட்க யாரும் இல்லை; கழிப்பறைக்குக் கதவில்லை. இவற்றைச் சரிசெய்யப் பணம் அதிகம் தேவையில்லை. புதியவருக்கு முதல் 30 நாளுக்கு ஒரு மூத்தவரைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்தப் பொறுப்புக்கு மூத்தவருக்கு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுங்கள். ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் நீங்களே பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். கெட்ட வார்த்தை பேசும் சூப்பர்வைசர் எவ்வளவு வேலை தெரிந்தவராக இருந்தாலும், அவரால் வெளியேறியவர்களின் எண்ணிக்கையை அவர் பெயருக்கு நேரே எழுதிப் பாருங்கள்.

முதல் வாரத்தைத் தாண்டியவர் போவதற்குப் பெரிய காரணம் சம்பளத் தேதி. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். நம் தெருக்களில் அது 12, 15 என்று நழுவுவது வழக்கமாகிவிட்டது. எங்களுக்கும் ஒருமுறை நழுவியது. மொத்த ஆர்டரில் பாதியைத் தந்துகொண்டிருந்த ஒரு பெரிய வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்கு மேல் பணம் தரவில்லை. நான் இரண்டு மாதச் சம்பளத்தை இரண்டிரண்டு தவணையாகக் கொடுத்தேன். ஒன்பது வருடம் எங்களோடு இருந்த செட்டர், மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் என்னிடம் வந்து எதுவும் கேட்காமல் நின்றுகொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுத்த மாதம் அவர் போய்விட்டார். அவர் இடத்தை நிரப்ப எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

ஆகவே, சம்பளம் தள்ளிப்போகும் பட்டறையில் இந்த அறிகுறிக்கான பழுது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தர வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. உத்யம் பதிவு (மத்திய அரசின் குறு, சிறு நிறுவனப் பதிவு) இல்லாமல் இந்தப் பாதுகாப்பை நாடுவது கடினம். பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் டிரெட்ஸ் என்னும் பில் தள்ளுபடி இணையத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதால், அத்தகைய வாடிக்கையாளரின் பில்லை அங்கே வைத்து முன்கூட்டியே பணம் பெற வழி உண்டு. இவையெல்லாம் நடக்கும் வரை, ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்து வைத்து, அதை இரும்பு வாங்கத் தொடாமல் இருங்கள். அதைச் சேர்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. சேர்ந்த பிறகு ஒரு மாதமும் தேதி தவறவில்லை.

அறிகுறி: தொழில் கற்றுக்கொண்டதும் போய்விடுகிறார்

அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பதும், மூன்று வருடம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டில் கையெழுத்து வாங்குவதும் இதற்கு நம்மவர்கள் செய்யும் கைவைத்தியம். சான்றிதழைப் பிடித்து வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அது அந்தப் பிள்ளையின் உடைமை. பாண்டைப் பொறுத்தவரை, வேலையை விட்ட பிறகு ஒருவர் வேறிடத்தில் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. பயிற்சிக்கு உண்மையில் செலவிட்ட தொகையை ஈடாகக் கேட்கலாம். ஆனால் தாளில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், 74-ஆம் பிரிவின்படி அதற்குட்பட்ட நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இதற்காக நீதிமன்றப் படி ஏறும் நேரத்தில் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். மேலும், பாண்ட் கேட்கும் பட்டறை என்ற பெயர் பரவினால் முதல் அறிகுறி வந்து சேரும்.

அவர் போன நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும், அவருடைய திறமை ஒரு படி ஏறி, சம்பளம் ஏறாமல் நின்ற மாதமாக அது இருக்கும். தீபாவளிக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கூட்டிக் கொடுக்கும் வழக்கத்தில், ஜனவரியில் செட்டிங் கற்றுக்கொண்டவர் நவம்பர் வரை ஆபரேட்டர் சம்பளத்தில் காத்திருக்க வேண்டும். வெளியே இருப்பவர் செட்டர் சம்பளத்தை அடுத்த வாரமே தருகிறார். சுவரில் ஒரு பலகை வையுங்கள். ஒரு பக்கம் பெயர்கள், மேலே திறமைகள்: அளத்தல், ஆஃப்செட், இன்சர்ட் தேர்வு, செட்டிங், புரோகிராம் திருத்தம், புதுப் புரோகிராம், ஃபிக்சர் யோசனை. ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதம் இவ்வளவு கூடும் என்று தொகையை எழுதி, தேறிய மாதமே கொடுங்கள். இதை வைத்த பின், தமக்குத் தெரிந்ததை மறைத்து வைத்துக்கொள்ளும் பழைய பழக்கமும் எங்கள் பட்டறையில் குறைந்தது, ஏனென்றால் கற்றுக்கொடுப்பதையும் ஒரு கட்டமாகச் சேர்த்திருந்தோம்.

இவ்வளவும் செய்தும் சிலர் போவார்கள். பெரிய நிறுவனத்துக்குப் போகிறவரை நல்லபடியாக அனுப்பி, அனுபவச் சான்றிதழை அன்றைக்கே கொடுங்கள். இரவு ஷிப்டும் பேருந்துப் பயணமும் அலுத்து இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவர்கள் எங்களிடமே இருவர் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே கற்ற ஒழுங்கையும் சேர்த்துக் கொண்டு வந்தார்கள்.

அறிகுறி: பொறுப்புள்ள இன்ஜினியர் மட்டும் நிலைப்பதில்லை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் எடுத்த முடிவுகளில் எத்தனையை நீங்களோ உங்கள் தம்பியோ மகனோ அவருக்குச் சொல்லாமல் மாற்றினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை ரூபாய் வரை டூல் வாங்க அவரே கையெழுத்திடலாம், எந்த பீஸை ரிஜெக்ட் செய்ய அவர் வார்த்தையே இறுதி என்று எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த பின் மீறாதீர்கள். சம்பளத்தைவிட இதற்காகவே போகிறவர்கள் அதிகம்.

அறிகுறி: வருபவர்கள் எல்லோரும் ஒரே வகை

உங்கள் விண்ணப்பங்களில் பெண்கள் இல்லையென்றால், பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வரும் திறமையில் ஒரு பகுதிக்கு நீங்களே கதவை அடைத்திருக்கிறீர்கள். தர ஆய்வு, டிராயிங், புரோகிராம், பர்ச்சேஸ் ஆகிய இடங்களில் நான் பார்த்த மிகக் கவனமானவர்களில் பலர் பெண்கள். அவர்கள் வராததற்கு விருப்பமின்மை காரணமில்லை. தனிக் கழிப்பறை, பேருந்து நிறுத்தத்திலிருந்து வெளிச்சமுள்ள வழி, ஆறு மணிக்குள் முடியும் வேலை, முறையிட ஓர் இடம் இவை இருக்கின்றனவா என்று வீட்டார் பார்க்கிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் தொந்தரவு குறித்த உள்ளகக் குழு அமைப்பது சட்டப்படி கட்டாயம். அதன் உறுப்பினர் பெயர்களைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பட்டறைகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் இருக்கிறார்கள், மொழி தெரியாததால் லோடிங்கிலேயே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். மேலே சொன்ன மைக்ரோமீட்டர் சோதனைக்கு மொழி தேவையில்லை. அதை அவர்களுக்கும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். நீங்கள் வெளியே தேடிக்கொண்டிருக்கும் செட்டர் உள்ளேயே இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் இடம் நிரம்பவில்லை என்றால்

அப்போது சம்பளமே போதவில்லை. "இதற்கு மேல் கொடுக்கக் கட்டுப்படியாகாது" என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நல்ல ஆபரேட்டருக்கு மாதம் 4,000 ரூபாய் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி. மெஷின் உண்மையில் ஓடுவது அதில் 70 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 146 மணி. கூடுதல் செலவு ஒரு மெஷின் மணிக்கு 27 ரூபாய்ச் சொச்சம். ஒருவர் இரண்டு மெஷின் பார்த்தால் அதுவும் பாதியாகிவிடுகிறது. ஒரு லாட் ரிஜெக்‌ஷனில் போகும் மூலப்பொருளையும், ஆளில்லாமல் நின்ற ஷிப்டுக்குக் கட்டிய தவணையையும் இதன் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த 27 ரூபாயையும் உங்கள் மெஷின் மணி ரேட் தாங்கவில்லை என்றால், ஆள் எடுக்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, நீண்ட நாளாக ரேட் ஏற்றாத வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களில் ரேட் கேட்டே ஆக வேண்டியவர் யார், விட்டுவிட வேண்டிய வேலை எது என்பதை முடிவு செய்த பிறகு, எத்தனை மெஷினுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதை மறுபடியும் எழுதுங்கள். சில சமயம் அந்தப் புதிய கணக்கில் காலியிடமே இருக்காது.